இருட்டு யாருக்குச் சொந்தம்?

பாஸ்கா திருவிழிப்பில் கோயில் விளக்குகளை எல்லாம் ஏன் அணைக்கிறார்கள்? இருள் பிசாசுக்கு உரியதல்லவா?
– வாசகி, பதுளை

இரவைப் பிசாசுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, சகோதரி. இருளுக்கு இரவு என்று பெயர் வைத்தவரே கடவுள்தான் என்கிறது தொடக்கநூல். சீனாய் மலையில் மோசே அவரை நெருங்கியது காரிருளுக்குள். மகதலா மரியா கல்லறைக்குப் போனதும் இருட்டு விலகுமுன். ‘யோவான் இருளைத் தீமை என்கிறாரே?’ என்று கேட்பீர்கள். அவர் கண்டிப்பது செய்த குற்றத்தை மறைக்க மனிதர் தேடும் இருட்டை. விடியுமுன் எழுந்து தோட்டத்துப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் சேர்க்கும் காலை அணிவகுப்புக்கு) புறப்படுகிறவர்களின் இருட்டை அல்ல. வெளிச்சம் எல்லாமே நல்லது என்றும் சொல்வதற்கில்லை. உங்கள் ஊர் புனித மாற்கு ஆலயம் 1857இல் எழுந்ததே, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாகத்தான்.

விளக்கணைப்பதில் பயன் இருக்கிறது. வெளியே மூட்டிய புதுத்தீயில் பாஸ்கா திரியை ஏற்றி, அந்தச் சுடர் ஒவ்வொருவர் மெழுகுதிரிக்கும் கைமாறுகிறது. குழல்விளக்கு எரிந்தால் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மெழுகு கையில் சொட்டாமலிருக்கத் திரியின் அடியில் ஓர் அட்டையைச் செருகிக் கொடுங்கள்.