50 பேருக்கு எத்தனை லிட்டர் அண்டா?

வீட்டிலிருந்தே கேட்டரிங் தொடங்குகிறவர்கள் முதலில் காசை வீணாக்குவது அண்டாவில்தான். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பாத்திரக் கடைக்குப் போனதும், என்றைக்கோ வரப்போகும் 300 பேர் கல்யாண ஆர்டர் கண்முன் வந்துவிடும். குழந்தையே உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் போலிருக்கும் ஒன்றை வாங்கி வந்துவிடுவோம். ஆனால் வருகிற ஆர்டரோ பிறந்தநாள், முப்பது பேர், சாம்பாரும் கோழிப் பிரட்டலும். அத்தனை பெரிய அண்டாவில் ஆறு லிட்டர் சாம்பார் வைத்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பரவிக் கிடந்து சீக்கிரமே அடிபிடிக்கும்.

கணக்கு எளிது. சோற்றோடு சாம்பார் ஆளுக்கு 200 மில்லி என்று வையுங்கள். 50 பேருக்கு 10 லிட்டர். பருப்பு பொங்கும், கிளற இடம் வேண்டும், ஆகவே பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். அப்படியானால் 15 லிட்டருக்குக் குறையாத பாத்திரம் தேவை. பாயசமும் பாலும் வேறு ரகம். பால் ஏறினால் நிற்காது. பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

இது சமையற்காரர்களுக்கு மட்டுமான கணக்கு என்று நினைக்க வேண்டாம். வெளிநாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சும் பொழுதுபோக்குக்காரர்களும் இதே கணக்கில்தான் முட்டிக்கொள்கிறார்கள். அவர்களுடைய வழக்கமான அளவு ஒரு தடவைக்கு 19 லிட்டர். அதற்கு 30 லிட்டர் கெட்டில் வாங்கு என்பதே அனுபவசாலிகள் சொல்வது. காரணம் நுரை ஒன்று, ஆவி இன்னொன்று. ஒரு மணி நேரம் கொதித்தால் மூன்று, நான்கு லிட்டர் காற்றோடு போய்விடும். (மலேசியாவில் உரிமம் இல்லாமல் பியர் காய்ச்சுவது 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) வாய் அகன்ற பாத்திரத்தில் ஆவி அதிகம் போகும், உயரமானதில் குறைவு. ரசத்துக்கு உயரமானது, வற்ற வேண்டிய பிரட்டலுக்கு அகலமானது.

கடைக்காரர் லிட்டரில் சொல்வதை அப்படியே நம்பாமல் அளவு டேப் கொண்டு போங்கள். விட்டமும் உயரமும் 30 சென்டிமீட்டர் இருந்தால் கொள்ளளவு சுமார் 21 லிட்டர். 36 என்றால் 36 லிட்டருக்குச் சற்று மேல். 40 என்றால் 50 லிட்டர். இங்கேதான் கண் ஏமாறும். 30க்கும் 40க்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் கொள்ளளவு இரண்டு மடங்கையும் தாண்டிவிடும்.

அண்டாவின் அளவை முடிவு செய்வது ஆர்டர் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அடுப்புக்கும் உங்கள் இடுப்புக்கும் அதில் பங்குண்டு. வீட்டு அடுப்பின் பெரிய பர்னரில் 20 லிட்டர் தண்ணீர் கொதி வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். 40 லிட்டர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. அதற்குப் பிறகுதான் பருப்பு வேகத் தொடங்கும். உயர் அழுத்த அடுப்பு வாங்கிவிடலாமே என்பார்கள். தரைவீட்டின் பின்கட்டில் காற்றோட்டத்தோடு வைக்கலாம். சாலாக் செலாத்தான் அடுக்குமாடியின் குறுகலான அடுப்படியில் அதை மூட்டும் யோசனையே வேண்டாம். கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அகலமான அடிப்பாகம் வெப்பத்தைக் கண்ணாடிமேல் திருப்பிவிடும். எடையும் சேர்ந்தால் விரிசல் விடலாம்.

இனி தூக்குவது. 36 சென்டிமீட்டர் அண்டாவில் 25 லிட்டர் குழம்பு வைத்தால் பாத்திரத்தோடு 30 கிலோ வரும். அந்தக் கொதிக்கும் 30 கிலோவை அடுப்பிலிருந்து இறக்கி, லிப்ட் வரை கொண்டு போய், மைவி காரின் பின்பக்கம் சாயாமல் வைக்க வேண்டும். லிப்ட் பழுது என்று போர்டு தொங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். தனியாக வேலை பார்க்கிறவருக்கு 15 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

பெரிய அண்டாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. 20 லிட்டர் குழம்பு மூடியபடியே ஆற மணிக்கணக்காகும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் பெருகத் தொடங்கும். சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. நம் ஊர் வெக்கையில் இரவு சமைத்துக் காலையில் கொடுப்பது வினையை விலைக்கு வாங்குவது. முதல் நாளே சமைத்தாக வேண்டுமென்றால் ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றிச் சீக்கிரம் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். சூடாகக் கொடுப்பதைச் சூடாகவே கொண்டு சேருங்கள்.

உலோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியம் மலிவு, சீக்கிரம் சூடேறும். ஆனால் புளியும் தக்காளியும் அதை அரிக்கும். குழம்பை அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. பித்தளைக்கு வெள்ளீயம் பூச வேண்டும். தொழிலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். விரலால் அடியைத் தட்டிப் பாருங்கள். தகரம் போல் கணீரென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மந்தமாக ஒலிக்கும் கனமான அடிதான் பருப்பைத் தீயவிடாது. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பையில் ஒரு காந்தமும் இருக்கட்டும். அடியில் ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடேறாது.

அண்டா வாங்கும் வாரத்திலேயே தாள் வேலையையும் முடித்துவிடுங்கள். எஸ்.எஸ்.எம்.மில் தொழில் பதிவு, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். தடுப்பூசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும். வீட்டில் சமைத்து விற்க என்ன உரிமம் வேண்டும் என்பதைக் கோலாலம்பூர்க்காரர்கள் டிபிகேஎல்லிலும் மற்றவர்கள் தத்தம் ஊராட்சி மன்றத்திலும் நேரில் கேளுங்கள்.

முதல் ஆண்டுக்கு நான் சொல்வது இதுதான்: 30 சென்டிமீட்டர் அண்டா இரண்டு, 25 சென்டிமீட்டரில் ஒன்று. இரண்டு 30களில் நூறு பேருக்குமேல் சாம்பார் வைக்கலாம். ஒன்று தீய்ந்தாலும் மற்றது தப்பும், இரண்டு பர்னரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். 300 பேர் ஆர்டர் வரும்போது பெரிய அண்டாவை வாடகைக்கு எடுங்கள். அப்படி மாதம் இரண்டு ஆர்டர் தவறாமல் வரத் தொடங்கிய பிறகு சொந்தமாக வாங்குங்கள்.