பழைய நிலப்படம் சொல்லும் நாட்டுப்புறச் சரித்திரம்

தேசப்படம் என்றவுடன் நம் மாணவியர் பலருக்கு நினைவுக்கு வருவது, பரீட்சைத் தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் வெற்றுப் படமும், அதில் ஆறுகளையும் மலைகளையும் குறித்துப் பெறும் மதிப்பெண்களுமே ஆகும். பரீட்சை முடிந்தால் படமும் முடிந்தது! ஆனால் ஊர் ஊராகச் சென்று, வயல் வரப்பையும் வீட்டுச் சுவரையும் அளந்து வரைந்த பெரிய படங்கள் வேறு வகை. இவற்றை நில அளவைப் படங்கள் என்பர். ஐம்பது, நூறு ஆண்டுகள் கழிந்தபின் இவை பூகோளப் பாடத்திலிருந்து சரித்திரப் பாடத்துக்குத் தாமாகவே இடம் மாறிவிடுகின்றன. அரசர்களின் போர்களைப் புத்தகங்கள் சொல்லும். ஒரு குக்கிராமத்தில் கொல்லன் பட்டறை எங்கே இருந்தது, சுண்ணாம்புக் காளவாய் எங்கே இருந்தது, பிள்ளைகள் எந்தப் பாதையில் பள்ளிக்கு நடந்தார்கள் என்பதைச் சொல்ல இப்படங்களை விட்டால் பல இடங்களில் வேறு சாட்சி இல்லை.

இதை விளக்க அயர்லாந்து நாட்டை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதையும் இவ்வளவு பெரிய அளவில் முதன்முதலாகப் படமாக்கிய நாடு அதுவே. மேலும், நம் தமிழகக் கத்தோலிக்கப் பெண் கல்விக்கும் அந்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. பிரசன்டேசன் சபைக் கன்னியர் அங்கிருந்து கப்பலேறி வந்து சென்னையில் கால் வைத்தது 1842-ல்.

அயர்லாந்து கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்ட நாடு. கவுண்டி என்பதை நம் ஜில்லா என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் பரோனி, பிறகு பங்கு, அதற்கும் கீழே மிகச் சிறிய நிலப் பிரிவாக 'டவுன்லாந்து'. பெயரைப் பார்த்துப் பட்டணம் என்று எண்ணிவிடக் கூடாது. சில வீடுகளும் அவற்றைச் சுற்றிய நிலமும்தான். இவை 60,000-க்கும் மேல் உண்டு. அந்நாளில் நாட்டை ஆண்ட பிரிட்டிஷ் அரசு நிலவரியைச் சீராகப் பிரிக்க விரும்பியது. எந்த டவுன்லாந்து எவ்வளவு பெரிது, எல்லை எது என்று தெரியாமல் வரி போடுவது எப்படி? ஆகவே 1824-ல் தாமஸ் கோல்பி என்னும் இராணுவ அதிகாரியின் தலைமையில் அளவை தொடங்கியது. முதலில் டெரி கவுண்டியின் தாள்கள் 1833-ல் வெளிவந்தன. கடைசியாகக் கெரி கவுண்டி 1846-ல். மொத்தம் 1,900-க்கும் மேற்பட்ட தாள்கள்.

தரையில் ஒரு மைல், தாளில் 6 அங்குலம். இதுவே அளவுத்திட்டம். அப்படியானால் தாளில் ஓர் அங்குலம் என்பது தரையில் 880 அடி. (கணக்கு ஆசிரியை மகிழ்வார்!) முப்பதடி நீளக் குடிசை ஒன்று தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, ஒரு கறுப்புப் புள்ளிதான். ஆனாலும் அந்தப் புள்ளி அங்கே இருக்கிறது.

அளவையின் தொடக்கமாக லாக் ஃபாயில் கரையில் 1827-28-ல் ஏறக்குறைய எட்டு மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளந்தார்கள். இரும்புக் கோல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் அல்லவா? அதற்காகக் கோல்பி பித்தளையையும் இரும்பையும் இணைத்து, வெப்பம் மாறினாலும் இரு குறிகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறாத பத்தடிக் கோல்களைச் செய்வித்தார். இதே கோல்களைக் காணவே ஜார்ஜ் எவரெஸ்ட் 1829-ல் அயர்லாந்து சென்றார். அவ்வகைக் கோல்களைக் கொண்டுவந்து 1831-32-ல் கல்கத்தா அடிக்கோட்டை அளந்தார். நம் பரங்கிமலை அடியில் 1802-ல் லாம்டன் எஃகுச் சங்கிலியால் தொடங்கிய வேலை இவ்வாறு அயர்லாந்துக் கோலோடு கைகோத்தது.

படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ஆண்டுகள். அளந்த ஆண்டு ஒன்று, அச்சான ஆண்டு ஒன்று, இரண்டும் ஒன்றல்ல. பின்னாளில் மறு அச்சாகும்போது ரயில் பாதையை மட்டும் சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கும் தாள்களும் உண்டு. இதைக் கவனியாதவர், ரயில் வந்த காலத்தில் அத்தனை குடிசைகளும் இருந்தன என்று முடிவுகட்டிவிடுவார்.

அடுத்தது பெயர்கள். இங்கேதான் படம் பேசத் தொடங்குகிறது. மக்கள் பேசியது ஐரிஷ் மொழி. படம் எழுதப்பட்டது ஆங்கில எழுத்தில். பெயர்களின் சரியான மூலத்தைக் கண்டறிய ஜான் ஓ'டோனவன் என்ற ஐரிஷ் அறிஞர் அமர்த்தப்பட்டார். அவர் கவுண்டி கவுண்டியாகப் பயணம் செய்து, முதியோரிடம் உச்சரிப்பைக் கேட்டு, ஏட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டு எழுதினார். அவர் அனுப்பிய கடிதங்களே இன்று அந்நாட்டுக்குப் பெரும் செல்வமாகிவிட்டன. ஆயினும் அச்சில் ஏறியது ஆங்கிலக் காதுக்கு ஏற்ற வடிவம்தான் என்ற மனக்குறை அங்கே இன்றும் உண்டு. அது நியாயமான மனக்குறை என்றே நான் நினைக்கிறேன்.

அப்பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் பொருள் விளங்கும். 'பாலி' என்று தொடங்கினால் குடியிருப்பு. நம் ஊர்களுக்குப் 'பட்டி' போல. பிரசன்டேசன் சபையை நிறுவிய நானோ நாகிள் அம்மையார் 1718-ல் பிறந்த பாலிகிரிஃபின், கார்க் கவுண்டியில் உள்ளது. 'கில்' என்றால் பெரும்பாலும் பழைய தேவாலயம்: கில்டேர், கருவாலி மரத்துத் தேவாலயம், புனித பிரிஜித்தம்மாள் மடம் கண்ட ஊர். 'டோபர்' என்றால் கிணறு. 'டெரி' கருவாலித் தோப்பு. தோப்பு வெட்டப்பட்டு முந்நூறு ஆண்டு ஆகியிருக்கும், பெயர் மட்டும் நிழல் தருகிறது. 'நாக்' என்றால் குன்று. 1879-ல் மாதா காட்சி தந்த இடம் என்று உலகெங்கும் திருப்பயணிகள் செல்லும் மேயோ கவுண்டியின் நாக் என்னும் ஊர், பெயரளவில் வெறும் குன்றுதான்.

இன்னும் ஒன்று. படத்தில் 'சர்ச்' என்றிருந்தால் அது அரசு ஆதரவு பெற்ற புராட்டஸ்டண்டு ஆலயம். கத்தோலிக்கக் கோவிலை 'ஆர்.சி. சாப்பல்' என்றே எழுதினார்கள். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆனால் பெரிய பெயர் சிறுபான்மையோருக்கு! அந்தச் சபை அரசுச் சபையாக இருந்த நிலை 1871 முதல் நீங்கியது. கத்தோலிக்கருக்கு எதிரான தண்டனைச் சட்டங்கள் கடுமையாக இருந்த 18-ஆம் நூற்றாண்டில், குருக்கள் மலைச்சரிவிலும் பள்ளத்தாக்கிலும் பாறைமேல் பூசை வைத்தார்கள். அப்பூசைப் பாறைகள் சில, படங்களில் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளன. புனிதக் கிணறுகளும் அப்படியே. எந்தச் சாலையும் போகாத இடத்தில் ஒரு பாறைக்குப் பெயர் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

தாளில் சில இடங்களில் 'குழந்தைகள் கல்லறை' என்றும் காணலாம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களை மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கும் வழக்கம் அந்நாளில் இல்லாமையால், பழைய மண்கோட்டையின் உள்ளேயோ, டவுன்லாந்து எல்லையிலோ பெற்றோர் இரவில் கொண்டுபோய்ப் புதைத்த இடங்கள் அவை. கல்லில் பெயர் கிடையாது. அத்தகைய குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ள நமக்குக் காரணங்கள் உண்டு என 2007-ல் வெளியான உலக இறையியல் குழுவின் ஏடு விளக்கிற்று. வரி போட வந்த பட்டாளத்து அளவையாளர், எந்தக் காரணத்துக்காகவோ, அந்த மேட்டையும் ஒரு பெயரிட்டுக் குறித்துவைத்தார். இன்று அவ்விடங்களைத் தேடிக் கண்டு சிலுவை நடுவோருக்கு அப்பழைய தாளே வழிகாட்டி.

இனி நம் பாடத்தின் மையத்துக்கு வருவோம். முதல் பதிப்பு முடிந்தது 1846 என்று கண்டோம். உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது 1845. அதாவது, பெரும் பஞ்சம் வருவதற்குச் சற்று முன், அந்த நாடு எப்படி இருந்ததோ அப்படியே படம் பிடித்தாற்போல் இத்தாள்கள் அமைந்துவிட்டன. 1841 குடிக்கணக்கில் அயர்லாந்தில் 81 லட்சத்து 75 ஆயிரம் பேர். 1851-ல் 65 லட்சத்து 52 ஆயிரம் பேர். சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். மேயோ கவுண்டியில் மட்டும் ஏறக்குறைய 3,89,000 ஆக இருந்த மக்கள்தொகை 2,75,000-க்கும் கீழே இறங்கியது.

மேயோவின் மேற்குக் கோடியில் அகில் என்றொரு தீவு. அதில் ஸ்லீவ்மோர் என்ற மலை. பொருள், பெரிய மலை. மலையின் தென்சரிவில் பாதையோரமாக நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை 1838 படம் காட்டுகிறது. இன்று அங்கே நிற்பவை கூரையில்லாத எண்பது நூறு கற்சுவர் வீடுகள். உருளைக்கிழங்கு நட்ட மேட்டுப் பாத்திகளின் வரிகள் புல்லுக்கு அடியில் இன்னும் தெரிகின்றன. பல ஊர்களில் இந்தச் சுவரும் இல்லை. முதல் பதிப்பில் கொத்தாக இருபது புள்ளிகள். பிறகு 1913-க்குள் நாட்டின் பெரும்பகுதிக்கும் வெளிவந்த மைலுக்கு 25 அங்குலப் படத்தில் அதே இடத்தில் ஒரே வயல். 25 அங்குலப் படம் கூரையுள்ள வீட்டையும் கூரையிழந்த சுவரையும்கூட வேறுபடுத்திக் காட்டுமாதலால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம்.

வீடு மறைந்தால் அதிலிருந்தவர் பஞ்சத்தில் மாண்டார் என்று உடனே எழுதிவிடலாமா? கூடாது. ஆண்டு மதிப்பு 4 பவுனுக்கு மேற்படாத குடியிருப்புகளின் ஏழை நிவாரண வரியை நிலப்பிரபுவே கட்ட வேண்டும் என்றிருந்தது. குடிசையை இடித்துவிட்டால் வரி மிச்சம். 1847 சட்டமோ, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை என்றது. சோறு வேண்டுமானால் நிலத்தை விட்டுவிட வேண்டும்! இவ்விதம் உயிரோடிருந்தவர்களின் வீடுகளும் இடிந்தன. ஸ்லீவ்மோரிலோ இன்னொரு காரணமும் கலந்திருக்கிறது. கடலோரக் கிராமங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள், கோடைக்காலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து பழைய வீடுகளில் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுத்தார்கள். இவ்வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இருந்தது. புள்ளி மறைந்தது என்று படம் சொல்லும். ஏன் மறைந்தது என்பதை வேறு ஏடுகளில் தேட வேண்டும்.

அந்த ஏடுகளின் கதை துயரமானது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குத் தாள்களில் மிகப் பெரும்பாலானவை 1922-ல் டப்ளின் நகர ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் தீப்பற்றியபோது எரிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசு உத்தரவால் அழிக்கப்பட்டுவிட்டன. மொத்தத் தலைக்கணக்கு நூலாக அச்சேறியிருந்ததால் பிழைத்தது. வீடு வீடாக எழுதிய பெயர்கள் போயின. 1841 ஜூனில் எண்ணப்பட்டு, சில மாதங்களில் சென்னைக்குப் புறப்பட்ட அக்கன்னியரின் பெயர்களும் அவற்றோடு சாம்பலாயிருக்கும்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, 1823 முதல் 1837 வரை எழுதிய தசமபாக வரிப் பதிவேடு. நிலம் பயிரிட்டவரின் பெயர் அதில் இருக்கும், நிலமற்ற கூலியாளின் பெயர் இராது. மற்றது, ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை வெளியான மதிப்பீடு. அதில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் எண் உண்டு. அவ்வெண்ணை நிலப்படத்தில் தேடினால் இன்னார் வீடு இதுவென்று விரலால் தொட்டுக் காட்டலாம். ஆனால் மேயோ போன்ற மேற்குக் கவுண்டிகளில் அந்த மதிப்பீடு முடிந்தது பஞ்சம் ஓய்ந்த பிறகு. ஆகையால் பஞ்சத்துக்கு முன் வாழ்ந்த ஏழைக் கூலிக் குடும்பத்துக்குப் பல இடங்களில் எஞ்சியிருப்பது அந்தக் கறுப்புப் புள்ளி ஒன்றுதான். பெயர் இல்லை, வயது இல்லை, எத்தனை பிள்ளைகள் என்பதும் இல்லை. வீடு இருந்தது என்பது மட்டும் உறுதி.

இத்தாள்களைக் காண அயர்லாந்து போக வேண்டியதில்லை. அந்நாட்டு அரசின் நில அளவைத் துறை பழைய பதிப்புகளைக் கணினியில் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. 1901, 1911 குடிக்கணக்குகளும் அவ்வாறே கிடைக்கின்றன. பூகோள வகுப்பில் செய்து பார்க்க விரும்புவோர் மேயோ கவுண்டி, ஸ்லீவ்மோர் என்று தேடுங்கள். முதல் பதிப்பைத் திறந்து, நாலைந்து பேராகப் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு புள்ளிகளை எண்ணுங்கள். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்ட பிறகே அடுத்த பதிப்பைத் திறக்க வேண்டும். ஒரு பீரியட் போதும்; பெருக்காடி ஒன்று இருந்தால் கண்ணுக்கு நல்லது.