பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஊர்தல்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் வழங்கினர். ஆண்டிற் சரிபாதியைக் குளிருக்கு ஒதுக்கிய இப்பகுப்பினைச் சித்திரை வெயிலிற் சூலக்கரைப் பெருஞ்சாலையில் நிற்பான் ஒருவன் கேட்பின் நகைக்கவே செய்வன். ஆயினும் ‘கூதலடிக்கிறது’ என்று எம்மூர்ப் பாட்டிமார் இன்றும் கூறக் கேட்கின்றோம். புலவர் மறந்தாலும் பொதுமக்கள் மறவாத சொற்களுள் அஃது ஒன்று. அக்கூதலின் உண்மைப் பொருளை யாம் அறிந்தது ஏட்டினின்று அன்று. ஒரு மோட்டார் சைக்கிளின் மேலிருந்து.

சூலக்கரை, விருதுநகருக்குத் தெற்கே சாத்தூர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய ஊர். ஆண்டு மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை விட்டு வெகுவாகக் கீழிறங்குதல் அரிது. திண்ணையில் அமர்ந்தானுக்கு அஃது இனிய குளிர்ச்சியே. அவனே வண்டியேறி மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவிற் செல்வானாயின், கால்மணியிற் பற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இதற்குக் காரணம் யாதோவெனின், நம் உடம்பு தன் சூட்டினால் தோலையடுத்த காற்றை வெதுப்பி, அதனை ஒரு மெல்லிய போர்வைபோல் தன்னைச் சூழ வைத்துள்ளது. எதிர்க்காற்று அப்போர்வையைக் கணந்தோறும் உரித்தெடுத்துச் செல்கின்றது. உடம்பு மீண்டும் வெதுப்ப, காற்று மீண்டும் உரிக்கின்றது. பாற்குவளையை ஊதி ஆற்றும் குழந்தையும் இவ்வுண்மையை அறியும்.

இதனை முதன்முதல் அளந்து கணக்கிட்டோர் சைப்பிள், பாசெல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர். தென்துருவப் பனிநிலத்திற் சிறு குப்பியில் நீர்வைத்து, எவ்வளவு காற்றில் எவ்வளவு விரைவாக அது உறைகின்றது எனக் கண்டு, 1945-ஆம் ஆண்டு தம் முடிபினை வெளியிட்டனர். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் கனடாவும் அதனைத் திருத்திப் புதியதொரு வாய்பாட்டினைக் கைக்கொண்டன. அவ்வாய்பாட்டின்படி, 10 டிகிரிக் குளிரில் 60 கிலோமீட்டர் விரைவிற் காற்று முகத்திலறைந்தால், தோல் உணர்வது 5 டிகிரியையே. சுழி டிகிரியாயின், ஏறக்குறைய சுழிக்குக் கீழ் 9 டிகிரி. கொடைக்கானல் மலைமேல் தை மாதத்தில் வண்டியோட்டும் நண்பர் இக்கணக்கை நினைவிற் கொள்வாராக. எம் கரிசற் சீமைக்கு அவ்வாய்பாடு பொருந்தாது. அது 10 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திற்கு வகுக்கப்பட்டதன்று. ஆயினும் காற்று செய்யும் வேலை இரண்டிடத்தும் ஒன்றே.

குளிரால் முதலிற் கெடுவன விரல்கள். உடம்பு தன் நடுப்பகுதியின் சூட்டைக் காத்தற்பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் குருதியைக் குறைக்கின்றது. வீட்டிற் பஞ்சம் வந்தால் வேலையாட்களுக்குக் கூலி குறைப்பது போலும்! மோட்டார் சைக்கிளிலோ, உயிர்காக்கும் வேலையனைத்தும் அவ்வேலையாட்களிடமே உள்ளது. கிளச்சும் முன்பிரேக்கும் விரல்களில். கியரும் பின்பிரேக்கும் பாதங்களில்.

நிற்க. எம் மாமா ஒருவரிடம் பழைய புல்லட் வண்டி ஒன்று உண்டு. அவ்வண்டியின் குலவரலாறு கேட்கத்தக்கது. இங்கிலாந்திலே ரெட்டிச் என்னும் ஊரிற் பிறந்த என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட்டை நம் நாட்டுப் படைக்கு வாங்கினர்; அதன்பின் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு கூடி, 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், முதலில் அங்கிருந்து வந்த உறுப்புக்களைப் பூட்டியும், பின்னர் உறுப்புக்களை ஈண்டே வார்த்தும் வண்டி செய்தனர். தாய்க்கம்பெனி இங்கிலாந்தில் மாண்டொழிந்த பின்னும், சேய் திருவொற்றியூரில் வாழ்ந்தது. பட்டினத்தடிகள் அடங்கிய அத்திருப்பதியினின்று இவ்விடி முழக்கமும் புறப்பட்டமை ஒரு வேடிக்கையே.

அப்பழைய புல்லட்டில், பிற வண்டிகளிற் காணும் அமைப்பு தலைமாறிக் கிடக்கும். இக்கால வண்டிகளில் இடக்கால் கியரையும் வலக்கால் பிரேக்கையும் இயக்கும். பழைய ஆங்கில வழக்கோ இதற்கு நேர்மாறு: வலக்காலிற் கியர், இடக்காலிற் பிரேக்கு. ஜப்பானியர் இடக்காற் கியரைக் கைக்கொண்டு உலகெங்கும் வண்டி விற்றனர். 1970-களின் நடுவில் அமெரிக்க அரசும் அதனையே விதியாக்கிற்று. ஆகவே பழைய வழக்கு அருகி ஒழிந்தது. புல்லட்டு மட்டும் நெடுங்காலம் அதனை விடாது பற்றியிருந்தது. மேலும் அதிற் கியர் வரிசையும் வேறு. முதற் கியருக்கு மேலே தூக்கவேண்டும். ஏனைய மூன்றுக்கும் கீழே மிதிக்கவேண்டும். இந்நுணுக்கத்தை அன்பர்கள் மனத்தில் இருத்துக. மேல்வரும் செய்தி இதனைப் பற்றியது.

சென்ற ஆண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, அதிகாலை ஆராதனைக்கு அத்தையை விருதுநகருக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மாமாவுக்குக் காலிற் சுளுக்கு. “மாப்பிள்ளை, காலை நம்பாதே, தலையை நம்பு. இது உன் வண்டியல்ல” என்று அவர் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். யாம் ஓட்டிப் பழகியது இக்கால வண்டி, உரிமமும் உண்டு, ஆதலின் அவ்வுரையைப் பெரியோர் வழக்கமாகக் கூறும் உரைகளுள் ஒன்றாகவே கொண்டோம். கையுறை அணியவில்லை. அணிந்தால் கோழை என்பரோ என்ற நாணம்.

மணி நான்கரை. இருமருங்கும் மக்காச்சோளக் கொல்லைகள். தரையை ஒட்டிப் பனிமூட்டம். ஊர் தாண்டிச் சற்றே தொலைவு சென்றதும், பக்கச் சாலையினின்று டி.வி.எஸ். 50 வண்டியிற் பாற்கேன்களைத் தொங்கவிட்ட பெரியவர் ஒருவர் எதிரே குறுக்கிட்டார். எம் வலக்கால், தான் பலகாற் பயின்றவாறே, பிரேக்கை மிதித்தது. அங்கே இருந்தது பிரேக்கன்று, கியர். மூன்றாவதிற் சென்ற வண்டி தணிவதற்கு மாறாக நான்காவதற்குத் தாவிற்று. இடக்கால் செய்வதறியாது நின்றது. முன்பிரேக்கைப் பற்ற முயன்ற விரல்களோ விறைத்து, பிடித்தோமா இல்லையா என்பதும் புலப்படவில்லை. 50 கிலோமீட்டர் விரைவென்பது நொடியொன்றுக்கு ஏறக்குறைய 14 மீட்டர். கால் தன் பிழையை உணர்ந்து திருந்த ஒரு நொடி சென்றது எனக் கொள்ளின், அந்த 14 மீட்டரும் யாரும் ஓட்டாத வண்டியாகவே அது ஓடிற்று.

பெரியவரை விலக்கிச் சாலையோரத்தில் இறங்கினோம். டிராக்டர்கள் வயலினின்று இழுத்துவந்த கரிசல்மண், பனியில் நனைந்து களிம்பாய்க் கிடந்தது. வண்டி சறுக்கிச் சாய்ந்தது. அத்தைக்கு முழங்காலிற் சிராய்ப்பு. புதுச்சேலை முழுவதும் சேறு. பெரியவர் தம் கேன்களைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் சிந்தவில்லை எனக் கண்டபின்னரே எம்மை நோக்கினார். “திருநாளும் அதுவுமா, மெதுவாப் போங்க தம்பி” என்றதன்றி வேறொன்றும் சொல்லிற்றிலர். அத்தை அச்சேற்றுச் சேலையோடே ஆராதனையில் அமர்ந்தார். ‘பூமியிலே சமாதானம்’ என்று குருவானவர் கூறியபோது எமக்கு நிமிர்ந்து பார்க்கும் துணிவு இல்லை.

வீடு திரும்பியதும் மாமா வையவில்லை. பகலுணவின் பின் வண்டியை வெற்றிடத்தில் மையநிலையில் நிறுத்தி, என்ஜினை முடுக்காமலே எம்மை ஏறியமரச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். அவர் “பிரேக்கு” என்றால் இடக்கால் மிதிக்கவும் வலக்கை பிடிக்கவும் வேண்டும்; “கியர்” என்றால் இடக்கை கிளச்சை இழுக்க, வலக்கால் அசையவேண்டும். முதல் நாள் இருபதுக்கு ஒன்பது பிழை. தமிழிலக்கணத்திற் புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்யும் எமக்கும் அத்துணை எளிதாக அது வரவில்லை, என்னை? புதியதைக் கற்பதன்று அதன் இடர், பழையதை அடக்குவதே. ஒன்பதாம் நாள்தான் பிழையின்றி அமைந்தது. அதன்பின்னரே என்ஜினை முடுக்க விட்டார்.

முடுக்குதலும் ஒரு தனிக்கலை. குளிரில் எண்ணெய் தடித்துக் கிளச்சுத் தகடுகளை ஒட்டவைத்துவிடும். எனவே கிளச்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை கிக்கரை மெல்ல மிதித்துத் தகடுகளை முதலிற் பிரிக்கவேண்டும். பெட்ரோலும் குளிரில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலாற் சோக்குப் போட்டுக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுக்கவேண்டும். பின்னர்ச் சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்திவர, ஆம்பியர் காட்டும் முள் நடுவிற்கு வரும் இடமொன்றுண்டு. பிஸ்டன் தன் உச்சியை அடைந்ததன் அறிகுறி அது. அவ்விடத்து டிகம்ப்ரஷன் நெம்பினைப் பிடித்து அவ்வுச்சியைச் சற்றே கடத்தி, நெம்பினை விட்டு, முழுக்காலால் ஓங்கி மிதிக்கவேண்டும். இம்முறை தவறினால் கிக்கர் திருப்பியடிக்கும். கெண்டைக்கால் நாலு நாள் பேசும். சூடேறியதும் சோக்கை எடுத்துவிட மறத்தலாகாது. மறந்தால் புகையும் பெட்ரோற் செலவும் மிகும்.

அந்த ஒன்பது நாளின் பின் எமக்கு ஒரு வெறி பிடித்தது. கிடைத்த வண்டியையெல்லாம் ஏறிப் பார்த்தோம். மைசூரில் 1961 முதல் 1996 வரை செய்யப்பட்ட ஜாவா, எஸ்டி வண்டிகளில் ஒரே நெம்பு கிக்கராகவும் கியராகவும் பயன்படும். உள்ளழுத்தி நிமிர்த்தினால் கிக்கர், மடக்கினால் கியர். இது கண்ட நாளில் ஒருசொற் பலபொருள் என்னும் இலக்கணம் எமக்கு நன்கு விளங்கிற்று. ஆனால் இரண்டடி என்ஜினாகிய அதில் ஒரு பொறி உண்டு: புல்லட்டில் முறுக்கை விட்டமாத்திரத்தில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், எஸ்டியில் அவ்வாறு பெரிதும் நிகழாது, வண்டி வழுக்கிக்கொண்டே செல்லும். டி.வி.எஸ். 50-இலோ கியரே இல்லை. இரு பிரேக்கும் கைகளிலேயே. அதன்மேல் அமர்ந்த எம் கால்கள் வேலையிழந்து வெறும்வெளியை மிதித்தன. வண்டியொவ்வொன்றும் ஏறுவான் காலில் வேறொரு பழக்கத்தை எதிர்பார்க்கின்றது. நண்பனின் வண்டியை ‘ஒரு சுற்று’ என இரவல் வாங்கும் மாணவர், அச்சுற்றினைச் சந்தைத்தெருவிற் சுற்றாதிருப்பாராக.

இனி உடை. பலர் கம்பளிச் சட்டை ஒன்றே போதுமென எண்ணுவர். கம்பளியின் கண்கள் வழியே காற்று புகுந்துவிடும். அதன்மேற் காற்றுப் புகாத மழைக்கோட்டு ஒன்று வேண்டும். அதுவும் இல்லார், பழைய செய்தித்தாளை மடித்துச் சட்டைக்கும் மார்புக்கும் இடையே செருகிக்கொள்ளலாம். தாள்களுக்கிடையே அகப்பட்ட காற்றே போர்வையாகும். கழுத்திற் சுற்றும் துண்டின் நுனிகளைச் சட்டைக்குள் திணித்தல் இன்றியமையாதது. நடனக்கலையிற் பெயர்பெற்ற இசடோரா டங்கன் அம்மையார், 1927-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு நீசு நகரில், தம் கழுத்துத்துகில் மோட்டார்ச் சக்கரத்திற் சிக்கியே இறந்தார். நம் நாட்டு வண்டிகளின் பின்சக்கரத்தருகே சேலைக்காப்புப் பூட்டியிருப்பது இத்தகைய இடர் கருதியே.

குளிருக்குக் குல்லா அணிந்து தலைக்கவசத்தை வீட்டில் விடுவாரும் உளர். ‘அரேபிய லாரன்சு’ எனப்பட்ட டி. ஈ. லாரன்சு, 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் சைக்கிளிற் சென்ற சிறுவர் இருவரை விலக்கப்போய் மோட்டார் சைக்கிளினின்று வீழ்ந்து, ஆறாம் நாள் உயிர்நீத்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அவர் பின்னர்ப் படைத்தூதர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941-இல் எழுதி வெளியிட்டார். நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இதனையே கட்டளையிடுகின்றது. அன்று அத்தை தலையிற் கவசம் இல்லை. மண் மெத்தென்றிருந்ததை எண்ணி இன்றும் இறைவனைத் துதிக்கின்றோம்.

மேனாட்டாருள் இக்குளிரையே விரும்பிச் செல்வாரும் உண்டு. ஜெர்மனியில் 1956 முதல் ‘யானைக் கூட்டம்’ என்னும் பெயரால் மாரிக்காலத்து மோட்டார் சைக்கிளாளர் உறைபனியிற் கூடாரமிட்டுக் கூடுகின்றனர். ‘பச்சை யானை’ எனப்பட்ட சுண்டாப் வண்டியால் வந்த பெயர் அது. எம் சாலையில் உறைபனி இல்லை. அதற்கு ஈடாக, அறுவடைக் காலத்தில் வண்டிச் சக்கரம் ஏறி உதிர்க்கட்டும் என்று உழவர் கதிரைச் சாலையிற் பரப்புவர். விடியற் பனியில் நனைந்த அத்தாளின்மேற் பிரேக்கு மிதித்தவன், ஜெர்மனிக்குச் செல்லாமலே பனிச்சறுக்கின் சுவை அறிவான். அத்தகைய இடத்தை நெருங்குமுன்னரே விரைவைக் குறைத்து, அதன்மேற் செல்லுங்கால் பிரேக்கையும் முறுக்கையும் தொடாது நேரே கடத்தல் வேண்டும்.

மாமா இவ்வாண்டும் சாவியை எம்மிடம் தருவதாகக் கூறியுள்ளார். அத்தை மட்டும், ஆராதனைக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கின்றார்.