ரத்தம் போனால் எல்லாம் மூலமா?

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, இந்த மாதம் சொல்லப்போவது வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற நோய். டிஸ்பென்சரிக்கு வருபவர் "வயிறு சரியில்லைங்க" என்றுதான் ஆரம்பிப்பார். மருந்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "வெளிக்குப் போனா எரியுதுங்க, ரத்தமும் வருது, மூலம்தானே?" என்பார். பல சமயம் அது மூலமே அல்ல. ஆசனவாய் வெடிப்பு.

ஆசனவாயின் உள்தோல் மிக மெல்லியது. இறுகிப்போன மலம் அதைக் கிழித்துவிடுகிறது. பெரும்பாலும் பின்பக்கம், நடுவாக்கில். உள்மூலத்தில் ரத்தம் போகும், வலி அவ்வளவாக இராது. வெடிப்பிலோ கண்ணாடித் துண்டால் கீறுகிற மாதிரி வலி. கக்கூஸை விட்டு எழுந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட எரிச்சல் நிற்காது. ரத்தம் நல்ல சிவப்பாக, கொஞ்சமாகத்தான் வரும்.

கையில் பட்ட கத்திக் காயம் ஒரு வாரத்தில் ஆறுகிறதே, இது ஏன் ஆறுவதில்லை? வலி எடுத்ததும் அங்குள்ள தசை தானாகவே இறுகிக்கொள்ளும். இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் போய்ச் சேராத புண் எப்படி ஆறும்? வலிக்குப் பயந்து நாமும் அடக்குவோம். அடக்க அடக்க மலம் கல்லாகி, மறுபடி அதே இடத்தைக் கிழிக்கும்.

நம் வேலையும் இதற்குத் துணை போகிறது. விடியுமுன் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் காலைக்கடனைத் தள்ளிப்போடுகிறோம். வியர்வை சொட்டச் சொட்ட வேலை, குடிப்பதோ ஒரு போத்தல் தண்ணீர். காட்டில் ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; வேலைக்காட்டுக்குப் பக்கத்தில் கழிவறை வேண்டுமென்று கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய விஷயம் அது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் இறுகும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீங்க, நர்சிடம் சொல்லுங்க.

புதிய வெடிப்பு பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஆறிவிடும். முதலில் மலத்தை இளக்க வேண்டும். நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், வெயிலில் நிற்பவர்கள் அதற்கு மேலும். கீரை, பருப்பு, பப்பாளி, கொய்யா தினமும் சேரட்டும். போதாவிட்டால் இசப்கோல் உமியோ லாக்டுலோஸ் மருந்தோ தருவோம். வெளிக்குப் போய் வந்ததும், அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி 10 முதல் 15 நிமிடம் உட்காருங்க. நாளைக்கு இரண்டு மூன்று தடவை. இறுகிய தசையைத் தளர்த்துவது இந்த வெந்நீர்தான். டெட்டால் கலக்க வேண்டாம். கோடாலித் தைலம், சுண்ணாம்பு எதையும் அங்கே தடவாதீங்க, புண்ணாகிப் போகும்.

6 வாரம் தாண்டியும் ஆறவில்லை, ஓரத்தில் சிறு தோல் தொங்குகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். தசையைத் தளர்த்தும் களிம்பு கொடுப்பார்கள். கிளிசரில் டிரைநைட்ரேட் களிம்பு சிலருக்குத் தலைவலி தரும். ஆண்மைக்கென்று வயாகரா போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும். களிம்புக்கும் கேட்காவிட்டால் தசையில் சிறு வெட்டுப் போடுவார்கள். 10 பேரில் 9 பேருக்கு அதில் குணமாகிறது. ஒரு சிலருக்குக் காற்றையோ மலத்தையோ அடக்கச் சிரமம் வரலாம், கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்க. சம்பளம் போய்விடுமே என்று தள்ளிப்போடாதீங்க. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றிதழ் இருந்தால், சர்வீஸைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை.

மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, உடம்பு காரணமின்றி மெலிந்தாலோ, காய்ச்சலோடு அங்கே வீங்கினாலோ மேலே சொன்ன வைத்தியம் எதையும் செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ரத்தம் போனாலும் அப்படியே. குடலில் புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கலாம். அன்றைக்கே வந்து காட்டுங்க.