கேமரன் மலையின் மண்ணும் தட்பவெப்பமும்

வெப்ப நாடாகிய மலேசியாவில், மாலை வேளையில் மக்கள் குளிர்ச்சட்டை அணிந்து நடமாடும் இடம் ஒன்று உண்டு. அதுவே பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், தித்திவங்சா மலைத்தொடரின்மீது அமைந்துள்ள கேமரன் மலையாகும். 1885-ஆம் ஆண்டில் இங்கு வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே இம்மலைக்கு வழங்கலாயிற்று. எனினும், அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய்ப் பூர்வகுடி மக்கள் இங்கு வாழ்ந்து வந்துள்ளனர்.

இங்கு மட்டும் குளிர் நிலவக் காரணம் யாது? காற்று மேலே செல்லச் செல்ல விரிவடைகிறது. விரிவடையும் காற்று குளிர்கிறது. ஆகவே, 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6 பாகை செல்சியசு வெப்பம் குறைகிறது. தானா ராத்தா நகர் கடல் மட்டத்திற்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்குப் பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் அது 15 பாகையளவிற்குக் குறையும். ஆண்டுதோறும் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது.

இம்மலைகள் கருங்கல்லால் ஆனவை. அக்கல் நாளடைவில் சிதைந்து மணல் கலந்த மண்ணாகிறது. பெருமழை அம்மண்ணிலுள்ள சத்துகளைக் கரைத்துச் செல்வதால் அதில் அமிலத்தன்மை மிகுகிறது. அமில மண்ணைத் தேயிலைச் செடி விரும்பும். 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. கொழுந்து பறித்து இத்தொழிலை வளர்த்தவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர். முட்டைக்கோசு, தக்காளி முதலிய காய்கறிகளுக்கோ அமில மண் ஏற்றதன்று. எனவே, உழவர்கள் சுண்ணாம்பும் எருவும் இட்டு மண்ணைப் பண்படுத்துகின்றனர்.

காடு இருக்கும் வரையில் இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கும். வேர்கள் மண்ணைப் பற்றி நிற்கும். காட்டை அழித்துச் செங்குத்தான சரிவுகளைத் திறந்துவிட்டால், மேல்மண் மழைநீருடன் ஆற்றில் கலக்கிறது. 1963-ஆம் ஆண்டில் நிறைவுற்ற சுல்தான் அபுபக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் அவ்வாறு வந்த வண்டல் பெருமளவு படிந்து, நீர் தேங்கும் இடம் சுருங்கியது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கடும் மழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மேலே இழந்த மண் கீழே வாழ்வோருக்குத் துன்பமாக முடிந்ததை நாம் மறத்தலாகாது.

இதனைத் தடுக்கும் வழிகளும் உள்ளன. சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிரிடலாம். வெற்று மண்ணைப் புல்லால் மூடலாம். ஆற்றோர மரங்களை விட்டுவைக்கலாம். ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். அது கரைந்தோட ஒரு பெருமழை போதும்.

மாணவர்களே! நம் உணவுத் தட்டில் உள்ள கீரையும், நாம் பருகும் தேநீரும் அம்மண்ணின் கொடை. உண்ணும் நமக்கும் அதனைக் காக்கும் கடமை உண்டு என்பதை உணர்வோமாக.