விளக்கு எரிகிறது, பலகையைக் காணவில்லை

கல்லடிப் பாலத்தடியில் பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற வழக்கு மட்டக்களப்பில் இன்னும் தீரவில்லை. 1848 செப்டம்பரில் அப்போதைய குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் காதுகொடுத்துக் கேட்டார். மீனவர்கள் அவருக்கு ஊரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இன்று அந்த ஒலியை ஓர் இரவு முழுக்கப் பதிய நினைப்பவருக்கு நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி ஒன்றும் உள்ளங்கையளவு கணினிப் பலகை ஒன்றும் போதும். தோணிக்குள் மொனிட்டரும் கீபோர்டும் கொண்டுபோக முடியாது, நடு வாவியில் வைஃபையும் கிடையாது. பலகையோடு பேச மடிக்கணினியும் ஒரு யூஎஸ்பி வயரும்தான் வழி. அந்த ஒற்றை வயரைப் பற்றி உலவும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "விளக்கு எரிகிறது, ஆகவே பலகை கணினியோடு இணைந்துவிட்டது."

விளக்கு சொல்வது மின்சாரம் வந்த செய்தியை மட்டும். சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. பவர் பேங்க், கையடக்க மின்விசிறி போன்றவற்றோடு வரும் மலிவு வயர்கள் பலவற்றில் தரவுக் கம்பிகளே இல்லை. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சோதிக்க எளிய வழி உண்டு: அதே வயரால் ஒரு போனை மடிக்கணினியில் மாட்டுங்கள். போனிலுள்ள படங்களைத் திறக்க முடிந்தால் அது தரவு வயர். போனில் கோப்புப் பரிமாற்றத்தை அனுமதித்த பின்னும் சார்ஜ் மட்டும் ஏறினால் அதன் வேலை அவ்வளவுதான். 'செத்துப்போச்சு' என்று திருத்தும் கடைக்குப் போகும் பலகைகளுக்கு முதலில் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

நம்பிக்கை: "இரண்டு போர்ட்டும் ஒரே மாதிரி, எதில் குத்தினால் என்ன?"

2015 நவம்பரில் வெளிவந்த ராஸ்பெரி பை ஸீரோவில் இரண்டு மைக்ரோ யூஎஸ்பி போர்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மூலையை ஒட்டியது மின்சாரத்துக்கு மட்டும். மற்றதுதான் தரவுக்கு, அதன் வழியாக மின்சாரமும் ஏறும். மடிக்கணினி வயரை மற்றதில் குத்துங்கள், மூலையில் எதுவும் தேவையில்லை.

அடுத்ததுதான் அதிகம் பேரை அலைக்கழிப்பது: "பென் டிரைவ் மாதிரிக் குத்தியதும் தானாக வரும்."

யூஎஸ்பியில் இரண்டு முனைகளும் சமமல்ல. ஒரு பக்கம் கேட்கும், அது ஹோஸ்ட். மறுபக்கம் கேட்டால் மட்டும் பதில் சொல்லும், அது டிவைஸ். பென் டிரைவ் பிறவியிலேயே டிவைஸ். கணினிப் பலகையோ தானும் ஒரு கணினி என்பதால் பொதுவாக ஹோஸ்டாகவே எழுந்து நிற்கும். இரண்டு பேரும் கேள்வி கேட்கக் காத்திருந்தால் பதில் சொல்ல ஆளில்லை. பலகையை டிவைஸ் வேடம் போடவைப்பதற்கு கேட்ஜெட் மோட் என்று பெயர். அந்த வேடத்தில் மடிக்கணினி அதை ஒரு நெட்வேர்க் கார்டாகப் பார்க்கும்.

2013இல் வந்த பீகிள்போன் பிளாக், பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே இந்த வேடத்தில்தான் எழும்: 192.168.7.2 என்ற முகவரியில் வந்து நிற்கும். ஸீரோவுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவேண்டும். வழக்கமான முறையில், மெமரி கார்டின் துவக்கப் பகுதியிலுள்ள இரண்டு உரைக்கோப்புகளில் சிறு சேர்க்கைகள் செய்வார்கள். அவற்றில் ஒன்று முழுவதும் ஒரே வரியாக இருக்கவேண்டிய கோப்பு. நடுவில் ஒரு என்டர் தட்டுப்பட்டாலும் காரியம் கெட்டது. ராஸ்பெரி பை 3 மொடல் பீயில் எந்தக் கோப்பைத் திருத்தியும் பயனில்லை. சிப்புக்கும் போர்ட்டுகளுக்கும் இடையில் ஒரு ஹப் உட்கார்ந்திருப்பதால் அவை என்றைக்கும் ஹோஸ்ட் பக்கம்தான். பை 4இல் சார்ஜர் மாட்டும் டைப்-சி போர்ட் மட்டும் டிவைஸ் ஆகும். இரு முனையும் ஒரே மாதிரித் தட்டையான வயர் வாங்கி மடிக்கணினியையும் பை 3ஐயும் இணைத்துப் பார்ப்போம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். இரண்டு 5 வோல்ட் ஊற்றுகளை நேருக்கு நேர் மோதவிடுகிறீர்கள்.

நம் தோணிக்காரருக்கு இதில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஸீரோவில் மைக் போர்ட் கிடையாது, ஒலிவாங்கிக்கு யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வேண்டும். அதையும் அதே ஒற்றைத் தரவுப் போர்ட்டில்தான் மாட்டவேண்டும், அதற்கு அந்தப் போர்ட் ஹோஸ்டாக இருக்கவேண்டும். மடிக்கணினியும் சவுண்ட் கார்டும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க முடியாது. ஆகவே கரையிலேயே மடிக்கணினியால் எல்லாவற்றையும் அமைத்து, பலகை எழுந்ததும் பதிவு தானாகத் தொடங்கும்படி செய்து, வயரைக் கழற்றி, ஓடிஜி இணைப்பானில் சவுண்ட் கார்டை மாட்டி, மூலைப் போர்ட்டுக்குப் பவர் பேங்கைக் கொடுத்துவிட்டுத் தோணியைத் தள்ளுவதே சரி. தண்ணீரில் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று கிளம்பினால் இரவு வீண்.

"விலை கூடிய வயர் எப்போதும் நல்லது" என்பதற்கு 2019 ஜூனில் ஒரு வேடிக்கையான மறுப்பு கிடைத்தது. அப்போது வந்த முதல் பை 4 பலகைகளில், டைப்-சி போர்ட்டின் இரண்டு அடையாளக் கம்பிகளுக்கும் தனித்தனியே வைக்கவேண்டிய தடையியை ஒன்றாக்கிவிட்டார்கள். உள்ளே சிப் வைத்த விலையுயர்ந்த வயரை மாட்டினால் சார்ஜர் பலகையை ஒரு ஹெட்போன் துணைக்கருவி என்று தவறாக நினைத்து மின்சாரமே தரவில்லை. சிப் இல்லாத சாதாரண வயரில் ஒழுங்காக ஓடியது. பின்னர் வந்த திருத்திய பலகைகளில் இது சரியானது. பழைய பை 4ஐக் கைமாற்றாக வாங்குபவர்கள் நினைவில் வைத்திருங்கள்.

மெல்லிய மலிவு வயருக்கு இது நற்சான்று ஆகாது. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் பிள்ளைக்கே கணக்கு தெரியும்: வயரின் தடை அரை ஓம், ஓட்டம் 1 அம்பியர் என்றால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். மிஞ்சுவது 4.5. மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் பை மொடல்கள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் எச்சரிக்கை காட்டத் தொடங்கும். மடிக்கணினியின் பழைய யூஎஸ்பி 2 போர்ட் தர ஒப்புக்கொள்வது 500 மில்லி அம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. ஸீரோவுக்கு அது போதும். 3 அம்பியர் சார்ஜர் பரிந்துரைக்கப்படும் பை 4ஐ அதில் மாட்டி, பாதியில் நின்றுவிட்டது என்று பலகையைத் திட்டுவது நியாயமில்லை.

"பழைய வீடியோவில் சொன்ன பாஸ்வேர்டு எப்போதும் வேலை செய்யும்." இல்லை. எல்லாப் பலகைக்கும் பொதுவாக இருந்த 'பை', 'ராஸ்பெரி' என்ற நுழைவு 2022 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்எஸ்எச் 2016 முதலே மூடித்தான் வருகிறது. கார்டை எழுதும்போதே இரண்டையும் நீங்களே அமைத்துக்கொள்ளவேண்டும்.

கடைசியாக, அதிக நட்டம் தரும் நம்பிக்கை: "கார்டை ஃபார்மட் செய்யச் சொல்கிறது, கார்ட் பழுதாகிவிட்டது." கார்டில் இரண்டு பகுதிகள் உண்டு. சிறியதை விண்டோஸ் வாசிக்கும். பெரியது லினக்ஸ் கோப்பமைப்பு, விண்டோஸுக்கு அது தெரியாத மொழி. தெரியாததைக் கண்டதும் அழித்து எழுதவா என்று கேட்கிறது, அவ்வளவுதான். கார்ட் நலமாகவே இருக்கிறது. வாவியில் ஓர் இரவு முழுக்கப் பதிந்த ஒலி இருப்பதும் அந்தப் பெரிய பகுதியில்தான். அந்தக் கேள்வி வந்தால் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, கார்டைப் பலகையிலேயே திரும்பப் போட்டு, கோப்புகளைக் கேபிள் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள்.