முன்னேற்றத்தைப் படிக்கும் கலை: இளம் ஆசிரியருக்குக் கடிதம்

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

போன மாதம் செய்ய முடியாத ஒன்றை இந்த மாதம் துணையில்லாமல் ஒரு மாணவர் செய்கிறார் என்றால், அதுதான் முன்னேற்றம். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரைவிட அவர் எத்தனை மதிப்பெண் கூட வாங்கினார் என்பது தரவரிசை மட்டுமே. 35இலிருந்து 50க்கு ஏறியவர், ஆண்டு முழுக்க 90இலேயே நிற்பவரைவிட அதிகம் வளர்ந்திருக்கலாம். ரேங்க் கார்டு இதைக் காட்டாது. இதைக் காண்பது ஆசிரியரின் பொறுப்பு. கண்டதைக் கொண்டு மறுநாள் பாடத்தை மாற்றும்போதுதான் அந்தப் பொறுப்பு நிறைவேறுகிறது.

மாணவரை அவரோடு மட்டுமே ஒப்பிடும் இந்த எண்ணத்தை முழுமையாக நடைமுறைப்படுத்திய பள்ளி நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அதன் பின்னணியில் இருப்பவை அரவிந்தரின் எண்ணங்கள். 1910இல் கல்கத்தாவில் ‘கர்மயோகின்’ இதழில் அவர் எழுதிய கல்விக் கட்டுரைகள் மூன்று கொள்கைகளை முன்வைத்தன. அறிவை வெளியிலிருந்து புகட்ட முடியாது, ஆசிரியர் துணைவரும் வழிகாட்டியுமே என்பது முதலாவது. மாணவரின் இயல்பைக் கேட்டறிந்தே வளர்ச்சி அமைய வேண்டும் என்பது இரண்டாவது. அருகிலிருப்பதிலிருந்து தொலைவிலிருப்பதற்குப் போக வேண்டும் என்பது மூன்றாவது. அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1943 டிசம்பர் 2 அன்று, அவருடைய ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை சுமார் 20 குழந்தைகளுடன் ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். இன்று ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் எனப்படும் அந்த நிறுவனம் பட்டமோ சான்றிதழோ வழங்குவதில்லை. மாணவர் தம் வேகத்தில் வளரும் ‘சுதந்திர முன்னேற்றம்’ அதன் அடிப்படை. மதிப்பெண் தாங்க வேண்டிய சுமை முழுவதும் அங்கே ஆசிரியரின் கவனிப்பின் மீது விழுகிறது.

அரசுப் பள்ளி ஆசிரியரின் நிலை வேறு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே இருந்தது. இப்போது அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ முறைக்கு மாறியிருக்கின்றன. பொதுத்தேர்வைத் தவிர்க்க முடியாது. ஆனாலும் அந்தக் கவனிப்பை எந்த வகுப்பறைக்கும் கொண்டுவரலாம். அதற்கான முதல் படி, மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று பிரித்தறிவது. வீட்டில் தமிழ் பேசி, ஆங்கிலப் பாடநூலைப் படிக்கும் ஒருவர் அறிவியல் கேள்விக்கு வாய் திறக்காவிட்டால், அதே கேள்வியைத் தமிழில் கேட்க வேண்டும். சரியான பதில் வந்தால் அவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது, மொழிதான் தடை. அப்போதும் பதில் வராவிட்டால் கருத்தையே மீண்டும் கற்பிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

அடுத்தது பிழையைப் படிப்பது. 1/2, 1/3 இரண்டையும் கூட்டி 2/5 என்று எழுதும் மாணவர் கவனக்குறைவால் எழுதவில்லை. முழு எண்களைக் கூட்டிய பழக்கத்தில் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார். சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதால் இது தீராது. 2/5 என்பது பாதியைவிடச் சிறியது, பாதியோடு இன்னொரு பங்கைக் கூட்டினால் பாதிக்கும் குறைவாக எப்படி வரும் என்று காகிதத்தை மடித்துப் பார்க்கச் செய்தால் தீரும். சொல்வதை எழுதுகையில் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதுபவருக்கோ எழுத்து தெரியும். காதில் ழகரம் பிரியவில்லை. அவருக்கு வேண்டியது இம்போசிஷன் அல்ல, கேட்டுச் சொல்லும் பயிற்சி. ஒரே பிழையைப் பலர் செய்திருந்தால், பாடம் நடத்திய விதத்திலேயே காரணத்தைத் தேட வேண்டும்.

இவற்றை நினைவில் மட்டும் வைத்திருக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வகுத்திருக்கிறது. அந்த அளவிலும் எல்லோரையும் ஒரே நாளில் கவனிக்க இயலாது. நாளொன்றுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஆறு வேலை நாட்களில் ஒரு சுற்று முடியும். பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில், தேதியுடன், ஒருவருக்கு ஒரு வரி போதும். ‘மந்தம்’, ‘சுட்டி’ போன்ற முத்திரைகள் அதில் இடம்பெறக் கூடாது. ‘கடன்வாங்கிக் கழித்தலில் பத்துகள் இடத்தைக் குறைக்க மறக்கிறார்’ என்பது பயனுள்ள குறிப்பு. நாளை என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

நோட்டைத் திருத்தும்போது எழுதும் சொல்லும் கற்பித்தலின் பகுதியே. 1988இல் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவரிடையே நடத்திய ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. ஆகவே அன்றாடப் பயிற்சிகளில் எண்ணை விடுத்து, எது சரியாக வந்திருக்கிறது, அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று இரண்டே வாக்கியம் எழுதுவது நல்லது. மாணவர் அதைச் செய்து பார்க்க வகுப்பிலேயே நேரம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாக்கியம் நோட்டிலேயே தங்கிவிடும்.

பெற்றோர் கூட்டத்துக்கும் இந்தக் குறிப்புகளே அடிப்படையாக வேண்டும். ஜூலையில் எழுதிய ஒரு பக்கத்தையும் நவம்பரில் எழுதிய ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் பிள்ளையின் வளர்ச்சி ஓரளவு புரியும். பருவ முடிவில் ஆசிரியர் அதே குறிப்புகளை மறுபடி படித்து, எந்தப் பாடத்தில் பலர் தேங்கினார்கள், எந்த முறை அவர்களை நகர்த்தியது, யாருடைய பெயருக்கு எதிரே குறிப்பே இல்லை என்று பார்க்க வேண்டும். குறிப்பில்லாத பெயர்கள் பெரும்பாலும் அமைதியான பிள்ளைகளுடையவை. அடுத்த பருவத்தின் கவனிப்பை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு மூத்த ஆசிரியர்
புதுச்சேரி